பெயர் போட்ட பரிசு

சகோதரிகளே, இதைப் படிப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் எழுந்து போய் உங்கள் சமையலறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வாருங்கள். அடுப்பில் பால் இருந்தால் அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்!

பார்த்தாயிற்றா? கதவுக்குப் பின்னால் தொங்கும் மஞ்சள் பையில் ஒரு ஜவுளிக்கடையின் பேர் இருக்கும். சுவரில் இருக்கும் காலண்டரில் ஒரு பாத்திரக்கடையோ மளிகைக்கடையோ இருக்கும். கம்மல் வைத்திருக்கும் சின்னப் பர்ஸில் நகைக்கடையின் பேர் பொன் எழுத்தில் இருக்கும். காசு கொடுத்து நாம் வாங்காத பொருள்கள் இவை. ஆனால் தினமும் பத்துத் தடவை அந்தப் பேர்களை நாம் படிக்கிறோம். படிக்கிறோம் என்பதுகூட நமக்குத் தெரிவதில்லை!

என் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் எங்களுக்கென்று ஒரு வியாபாரம் வந்து, எங்கள் பேரைப் போட்டு நாலு பேருக்குப் பரிசு கொடுக்கும் நிலைமை வந்தபோதுதான், இது எவ்வளவு யோசித்துச் செய்ய வேண்டிய காரியம் என்று புரிந்தது. நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. பள்ளிக்கூடப் படிப்போடு சரி. பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். வீட்டில் இருந்தபடியே ஊறுகாய், பலகாரம், தையல் என்று ஏதாவது தொழில் செய்கிற சகோதரிகளுக்கு உதவியாக இருக்கும். தொழில் செய்யாதவர்களும் கடைசி வரை படியுங்கள். உங்களுக்கும் ஒரு சேதி வைத்திருக்கிறேன்.

ஏத்தங்காயும் எண்ணெய்ச் சட்டியும்

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை போட்டு 2011-ல் ஏத்தங்காய் சிப்ஸ் போட ஆரம்பித்தோம். நேந்திரன் வாழையைத்தான் எங்கள் பக்கம் ஏத்தன் என்று சொல்லுவோம். நன்றாக விளைந்த, ஆனால் பழுக்காத காயைத் தோல் சீவி, மஞ்சள் தண்ணீரில் போட்டு எடுத்து, கொதிக்கும் தேங்காய் எண்ணெய்க்கு மேலேயே சீவிப் போட வேண்டும். முக்கால் பதம் வெந்ததும் உப்புத் தண்ணீரைத் தெளித்தால் சட்டி ஒரு சத்தம் போடும் பாருங்கள், அடுத்த வீட்டுக் குழந்தைகள் வந்துவிடும்!

சட்டி வேலை என் வீட்டுக்காரருக்கும் இரண்டு ஆட்களுக்கும். பாக்கெட் போடுவதும் கணக்கும் எனக்கு. கடைகளுக்கு மொத்தமாகப் போடுவதுதான் எங்கள் வியாபாரம். தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சில பேக்கரிகள், கன்னியாகுமரியில் சுற்றுலாக்காரர்கள் வரும் கடைகள், எங்கள் ஊரைச் சுற்றி டீக்கடைகள் என்று நாற்பது கடை வரை சேர்ந்திருந்தது.

இந்த மாதிரித் தொழிலில் போட்டி அதிகம். ஒரே மாதிரிக் காய், ஒரே மாதிரி எண்ணெய். இன்றைக்கு நம்மிடம் வாங்குகிற கடைக்காரர் நாளைக்கு வேறு ஆளிடம் வாங்கினால் ஏன் என்று கேட்க முடியாது. மற்றவர்கள் தீபாவளிக்கு வாடிக்கைக் கடைகளுக்கு ஏதேதோ கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இவருக்குப் பொறுக்கவில்லை. "நம்மளும் இந்த வருஷம் பேரு போட்டு ஏதாவது குடுக்கணும், கேட்டியா" என்றார். அது 2017.

ஹாட் பாக்ஸும் சாவிக்கொத்தும்

என்ன செய்தோம் தெரியுமா? கணக்கு நோட்டை எடுத்து, அதிகமாகச் சரக்கு எடுக்கும் ஆறு கடைகளைக் குறித்தோம். அவர்களுக்குப் பளபளவென்று பிளாஸ்டிக் ஹாட் பாக்ஸ், மூடியில் எங்கள் கம்பெனிப் பேர் தங்க நிறத்தில். மற்றவர்களுக்கெல்லாம் பேர் போட்ட சாவிக்கொத்து. 'செலவுக்குத் தக்க பரிசு' என்று எனக்கு ஒரே பெருமை. அந்தப் பட்டியலைப் போட்டவளே நான்தான்!

எங்கள் ஊர் முக்கில் ஒரு அக்கா டீக்கடை வைத்திருக்கிறார். 2011-ல் நாங்கள் போட்ட முதல் சட்டியிலிருந்து இரண்டு கிலோ எடுத்தவர். அதற்கப்புறம் ஒரு வாரம்கூட எடுக்காமல் இருந்ததில்லை. வாரத்துக்கு இரண்டு கிலோ, அவ்வளவுதான். ஆகவே பட்டியலில் அவருக்குச் சாவிக்கொத்து.

கொடுக்கப் போனது நான்தான். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எனக்கு என்னத்துக்குப் பிள்ளே சாவிக்கொத்து? எங் கடைக்குக் கதவு உண்டா, பூட்டு உண்டா? ராத்திரி ஒரு சாக்கத் தொங்கவிட்டுட்டுல்லா போறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் என் முகம் சுருங்கிப் போயிற்று. ஆறு வருஷமாக அந்தக் கடைக்குப் போய் வருகிறேன். கதவு இல்லாத கடை என்பது என் கண்ணில் பட்டதே இல்லையா? அவர் என் மனம் நோகக்கூடாது என்று அதைக் கொண்டுபோய்ச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டினார். சாவி இல்லாத சாவிக்கொத்து!

ஹாட் பாக்ஸ் கதை இன்னும் மோசம். ஒரு மாதம் கழித்துப் பெரிய பேக்கரி ஒன்றுக்குப் போயிருந்தேன். பின்பக்கம் முட்டை ஓடும் டீத்தூள் சக்கையும் போடும் வாளி. அதை மூடியிருந்தது எங்கள் ஹாட் பாக்ஸ் மூடி. கைப்பிடி உடைந்திருந்தது, எங்கள் பேர் மட்டும் உடையாமல் பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது!

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். அவர் அலமாரியிலிருந்து ஒரு எவர்சில்வர் செம்பை எடுத்து என் முன்னால் வைத்தார். அவர் கல்யாணத்துக்கு அவருடைய தாய்மாமா கொடுத்தது. வயிற்றில் மாமாவின் பேரும் தேதியும் வெட்டியிருக்கிறது. மாமா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. "இதுல தண்ணி கோரும்போதெல்லாம் மாமா ஞாபகம் வரும். பேரு வெட்டிக் குடுக்கணும்னா பாத்திரம் கனமா இருக்கணும் மக்ளே. உடையுத சவத்துல பேரப் போட்டா, உடஞ்சது யாரு குடுத்ததுன்னுல்லா ஊரெல்லாம் தெரியும்!"

ஒக்கி வந்தது

அந்த வருஷம் நவம்பர் 30-ஆம் தேதியை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ஒக்கிப் புயல். கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. அந்தத் துக்கத்துக்கு முன்னால் எங்கள் நஷ்டம் ஒன்றுமே இல்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: குலை தள்ளிய வாழையெல்லாம் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. ரப்பரும் தென்னையும் முறிந்து கிடந்தன. மின்கம்பங்கள் சாய்ந்து நாள் கணக்கில் கரண்ட் இல்லை.

காய் கிடைக்கவில்லை. வெளியூரிலிருந்து வரவழைத்த காய்க்கு விலை ஏறிவிட்டது. நாங்களும் கிலோவுக்கு விலை ஏற்ற வேண்டி வந்தது. ஹாட் பாக்ஸ் வாங்கிய ஆறு கடைகளில் நாலு கடை ஒரே வாரத்தில் வேறு ஆளிடம் போய்விட்டது. அவர்கள் மேல் குற்றமில்லை, வியாபாரம் வியாபாரம்தான்.

டீக்கடை அக்கா என்ன செய்தார்? சாயங்காலம் வீடு தேடி வந்தார். மடியிலிருந்து பழைய பாக்கியை எடுத்துக் கொடுத்தார். "வாழை போச்சுன்னா நீங்க என்ன செய்விய? இதை இப்பமே வச்சுக்கிடுங்க. எப்பம் சட்டி வைக்கியளோ அப்பம் எனக்குத் தந்தாப் போதும். வெலை நீங்க சொல்லுததுதான்."

அவர் போன பிறகு அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். யார் எத்தனை கிலோ எடுக்கிறார்கள் என்பதுதான் அதில் இருந்தது. யார் எத்தனை வருஷமாக நம்மோடு நிற்கிறார்கள் என்பது அதில் இல்லை. அழுகை வந்துவிட்டது.

ஆடிப்பெருக்கில் ஒரு யோசனை

மறு வருஷம் ஆடி மாதம் இவர் சொன்னார், "பரிசும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." நான் விடவில்லை. "கொடுப்போம். ஆனா எல்லாக் கடைக்கும் ஒண்ணுபோலக் கொடுப்போம். அவங்க வீட்டுல இருக்கப்பட்ட பொம்பளைக்கு உதவுற பொருளாக் கொடுப்போம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்துப் பாருங்கள். கடைக்காரருக்கு வருஷப் பிறப்புக்குப் பத்துக் காலண்டர் வரும். எல்லாவற்றையும் சுருட்டியபடி வீட்டுக்குக் கொண்டுபோவார். அதில் எது சுவருக்குப் போகிறது, எது பிள்ளைகளின் புத்தகத்துக்கு அட்டை போடப் போகிறது, எது பரணுக்குப் போகிறது என்று தீர்மானிப்பது யார்? நாம்தானே! அப்படியானால் காலண்டரை அந்த வீட்டு அம்மாவுக்காக அல்லவா அச்சடிக்க வேண்டும்?

காலண்டர் என்றால் சிவகாசி. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு பேர் கல்கத்தா வரை போய்த் தீப்பெட்டித் தொழில் படித்து வந்தார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டுமே, அதனால் அச்சுத் தொழில் வளர்ந்தது, காலண்டரும் வந்தது. இன்றைக்கும் அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரி ஆல்பங்களை அங்கே ஆடிப்பெருக்கு அன்றைக்குத்தான் வெளியிடுகிறார்கள். நாம் ஆடியிலேயே ஆர்டர் கொடுத்துவிட்டால் நிதானமாக, பிழை இல்லாமல் அச்சாகிவரும். மார்கழியில் ஓடினால் கிடைத்ததைத்தான் வாங்க வேண்டும்.

பழைய வீடுகளில் பூஜை அறைப் படங்களைக் கவனித்திருக்கிறீர்களா? லக்ஷ்மி, முருகன், மீனாட்சி என்று எத்தனையோ படங்கள் காலண்டராக வந்தவைதான். கோவில்பட்டியில் இருந்த ஓவியர் கொண்டைய ராஜுவும் (1976-ல் காலமானார்) அவருடைய சீடர்களும் வரைந்தவை அவற்றில் ஏராளம். வருஷம் முடிந்ததும் தேதியை வெட்டி எறிந்துவிட்டுப் படத்துக்கு ஃபிரேம் போட்டு மாட்டிவிடுவார்கள். சில படங்களில் அடியில் கடைப்பேரும் சேர்ந்தே ஃபிரேமுக்குள் போய்விடும்! அந்தக் கடையை மூடி எத்தனை வருஷம் ஆனாலும் அந்தப் பேருக்கும் விளக்கு ஏற்றுகிறோம்.

ஆனால் எங்களுக்கு ஒரு சிக்கல். எந்தச் சாமி படம் போடுவது? எங்கள் மாவட்டத்தில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறையச் சரிபாதி. முஸ்லிம் அன்பர்கள் கடைகளும் உண்டு. ஒருவர் வீட்டுச் சுவருக்கு ஏற்றது இன்னொருவர் வீட்டுக்கு ஆகாது. ஆளுக்கொரு படம் என்றால் 'எல்லாருக்கும் ஒன்றுபோல' என்பது போய்விடும். கடைசியில் மாத்தூர் தொட்டிப்பாலம் படத்தைப் போட்டோம். 1966-ல் கட்டிய பாலம், 115 அடி உயரம். ஆற்றுக்கு மேலே தொட்டி கட்டித் தண்ணீரை இந்த மலையிலிருந்து அந்த மலைக்குக் கொண்டுபோகிறது. எங்கள் வாழைக்கும் தண்ணீர்தானே சாமி!

சமையலறைக்கு ஒரு காலண்டர்

படத்தைவிட அடியில் என்ன போடுவது என்பதில்தான் அதிகம் யோசித்தேன். நாம் காலண்டரை எதற்கெல்லாம் பார்க்கிறோம்? பால் வராத நாளைக் குறிக்க, சிலிண்டர் மாற்றிய தேதியைக் குறிக்க, ரேஷன் வாங்கியதைக் குறிக்க. மாதாமாதம் நம் தேதியைச் சின்னதாக ஒரு புள்ளி வைத்துக் குறிக்க. இந்தப் பழக்கத்தை இளம் பெண்கள் விட்டுவிடாதீர்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

ஆகவே, ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் எழுதுவதற்கு இடம் விடச் சொன்னேன். வழக்கமான காலண்டரில் வராத எங்கள் ஊர் விசேஷங்களைச் சேர்த்தேன்: சுசீந்திரம் மார்கழித் தேர், கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா, மண்டைக்காட்டு மாசிக் கொடை, ஓணம், 1956-ல் எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நவம்பர் 1. இதில் எதற்கு உள்ளூர் விடுமுறை, பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்பதுதான் அம்மாமாருக்குத் தெரிய வேண்டிய விஷயம். கொல்லம் ஆண்டும் போட்டோம். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதைத்தான் தேடுவார்கள்.

பின்பக்கம் குழந்தைகளுக்கான தடுப்பூசி அட்டவணை. பிறந்தவுடன், 6-வது வாரம், 10-வது வாரம், 14-வது வாரம், 9 மாதம் முடிந்ததும், ஒன்றரை வயதில், ஐந்து வயதில் என்று. எங்கள் ஊர் சுகாதார நர்ஸம்மாவிடம் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் அச்சுக்குக் கொடுத்தேன். இந்த மாதிரி விஷயத்தில் நம் ஞாபகத்தை நம்பி அச்சடிக்கவே கூடாது.

எங்கள் பேர்? எல்லாவற்றுக்கும் அடியில், ஒரே வரியில். அச்சகக்காரர்கூடக் கேட்டார், "பேரு இவ்வளவு சிறிசாவா?" என்று. தினமும் பார்க்கிற முகத்துக்குச் சத்தம் எதற்கு!

2019 ஜனவரிக்கு முன்னால் நானும் இவருமாக ஒவ்வொரு கடைக்கும் நேரில் போனோம். போய்விட்ட நாலு கடைக்கும் போனோம். இரண்டு பேர் மறுபடி சரக்கு எடுக்க ஆரம்பித்தார்கள்; இரண்டு பேர் எடுக்கவில்லை. ஆனால் தை மாதம் கடைசியில், எடுக்காத ஒருவர் வீட்டிலிருந்து அவர் மனைவி போன் செய்தார்: "இன்னொரு காலண்டர் உண்டுமா? மகளுக்குப் பேறுகாலம். அவ வீட்டுக்கு ஒண்ணு வேணும்." அந்த அம்மாவை அதுவரை நான் பார்த்ததுகூட இல்லை!

டீக்கடை அக்கா கடையில், அந்தச் சாவிக்கொத்தைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் காலண்டரை நானே மாட்டினேன். "இது நல்லாருக்கு பிள்ளே" என்றார். அவ்வளவுதான். இப்போது அதில் யார் எத்தனை டீ கடன் என்பதெல்லாம் கட்டம் கட்டமாக எழுதியிருக்கிறார்.

பட்டுத் தெரிந்த பாடங்கள்

பரிசு கொடுக்க நினைக்கும் சகோதரிகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்:

1. வாங்குகிறவர் வீட்டை மனக்கண்ணில் பாருங்கள். அங்கே அந்தப் பொருளுக்கு வேலை இருக்கிறதா? கதவில்லாத கடைக்குச் சாவிக்கொத்து கொடுக்காதீர்கள்.

2. உங்கள் பேரைப் போடும் பொருள் உங்கள் சரக்கைவிட மட்டமாக இருக்கக்கூடாது. பத்துப் பொருள் மட்டமாகக் கொடுப்பதைவிட ஒன்று உறுதியாகக் கொடுங்கள்.

3. ஒரே தெருவில் ஒருவருக்குப் பெரிது, ஒருவருக்குச் சிறிது வேண்டாம். கடைக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். நீண்ட நாள் வாடிக்கைக்காரருக்கு அதிகம் செய்ய ஆசையா? நல்ல நாளில் வீட்டுக்குப் போய்ப் பலகாரம் கொடுங்கள். அதில் பேர் வேண்டாம்.

4. நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். போகும்போது பாக்கி கேட்காதீர்கள்!

5. பிளாஸ்டிக் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. துணி போலவே இருக்கும் சில பைகள் உண்மையில் பிளாஸ்டிக் இழைதான். அதுவும் தடையில் சேர்த்தி. ஒரு ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள், நெய்த நூல் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். 2021 டிசம்பர் 23-ல் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசாங்கமே இயக்கம் தொடங்கியது. மஞ்சள் பையைத் தூக்க வெட்கப்பட்ட காலம் போய்விட்டது. நாங்களும் ஓணத்துக்கு இப்போது துணிப்பைதான் கொடுக்கிறோம். எங்கள் தெருவில் தையல் மெஷின் வைத்திருக்கும் இரண்டு பெண்கள் தைத்துத் தருகிறார்கள். அவர்களுக்கும் ஒரு வருமானம்.

6. கணக்கு எழுதுங்கள். இலவசமாகக் கொடுக்கும் பரிசுக்கு நாம் கட்டிய ஜி.எஸ்.டி.யை, விற்கும் சரக்கின் வரியில் கழித்துக்கொள்ள முடியாது என்று எங்கள் ஆடிட்டர் சொன்னார். அதைச் சேர்த்தே செலவு போடுங்கள். வியாபாரத்துக்காக ஒருவருக்கு ஒரு வருஷத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் பரிசு கொடுத்தால் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்று 2022 ஜூலை முதல் ஒரு விதி வந்தது. ஒரு கோடிக்குள் விற்கும் எங்களைப் போன்ற தனி ஆட்களுக்கு அது பொருந்தாது. ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அரசாங்க அலுவலகத்தில் காரியம் ஆக 'பரிசு' கொடுத்தால் அதற்கு வேறு பேர், உங்களுக்கே தெரியும்!

என் அம்மாவின் டின்

கடைசி வரை படியுங்கள் என்று சொன்னேன் அல்லவா? அந்தச் சேதிக்கு வருகிறேன். கொடுக்கிறவர் பக்கத்தை இதுவரை சொன்னேன். வாங்குகிற நம் பக்கமும் இருக்கிறது.

என் அம்மா வீட்டு அடுக்களையில் ஒரு டின் உண்டு. ரொம்ப காலமாக அதில்தான் புளி. துரு ஏறி, பேர் பாதி அழிந்துவிட்டது. 1980-ல் நான் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து புறப்படும் நேரத்தில் அம்மாவுக்கு இலவசமாகக் கிடைத்த பால் பவுடர் டின் அது. கூடவே ஒரு பால் புட்டி. "சும்மாத்தானே தாறாவ" என்று பாட்டியும் வாங்கி வைத்துக்கொண்டாள். ராத்திரி நான் அழுதால் புட்டி. அப்புறம் பகலிலும் புட்டி. டின் தீர்ந்தபோது பார்த்தால் அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. குழந்தை சப்பச் சப்பத்தான் தாய்க்குப் பால் ஊறும், சப்பாவிட்டால் குறையும். அதை அன்றைக்கு அம்மாவுக்குச் சொல்ல ஆளில்லை. அதற்கப்புறம் அதே டின்னைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. அப்பாவின் சம்பளத்தில் கட்டாது. தண்ணீரை அதிகம் கலந்து கொடுத்தாளாம். எனக்கு வயிற்றுப்போக்கு வந்து, பிழைத்ததே பெரிது என்று இன்றைக்கும் சொல்லுவாள்.

பார்த்தீர்களா? இதுவும் பேர் போட்ட பரிசுதான். ஆனால் வாடிக்கைக்காரரோடு உறவை வளர்க்கிற பரிசு இல்லை. வேறு வழியில்லாமல் செய்து வாடிக்கைக்காரராக ஆக்குகிற பரிசு.

என் அம்மாவுக்கு மட்டும் நடந்தது இல்லை இது. உலகம் முழுக்க ஏழை நாடுகளில் இப்படி நடக்கிறது என்று 1970-களில் பெரிய கூக்குரல் எழுந்தது. 1981 மே மாதம் உலக சுகாதார சபை இதற்கென்று ஒரு நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் 1992-ல் சட்டமே வந்தது. 1993 ஆகஸ்ட் 1 முதல் அமல். 2003-ல் இன்னும் இறுக்கினார்கள். அந்தச் சட்டப்படி இரண்டு வயது வரை உள்ள குழந்தைகளுக்கான பால் பவுடர், குழந்தை உணவு, பால் புட்டி இவற்றுக்கு விளம்பரம் கூடாது. கர்ப்பிணிக்கோ தாய்க்கோ இலவச மாதிரியோ பரிசோ கொடுக்கக்கூடாது. ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும் கூடாது. கடையில் பால் பவுடர் டின்னை எடுத்துப் பாருங்கள்: குழந்தை படமோ தாய் படமோ இருக்காது. 'தாய்ப்பாலே சிறந்தது' என்று எழுதியே ஆக வேண்டும். அந்த வரி நம்மைப் போன்ற எத்தனையோ அம்மாமாரின் கண்ணீரால் வந்தது என்று எனக்குத் தோன்றும்.

டாக்டர்களுக்கும் அப்படித்தான். மருந்துக் கம்பெனிகளிடம் டாக்டர்கள் பரிசு வாங்கக்கூடாது என்று 2009 டிசம்பரில் மருத்துவக் கவுன்சில் விதி கொண்டுவந்தது. அப்படிக் கொடுத்த பரிசைக் கம்பெனிகள் வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நியாயம்தானே? சிப்ஸ் வாங்குகிற கடைக்காரர் தன் காசில் வாங்குகிறார். மருந்தை எழுதுகிறவர் ஒருவர், காசு கொடுக்கிறவர் நாம்!

ஆகவே இளம் தாய்மார்களே, பிரசவம் ஆகி வீட்டுக்கு வரும்போது யாராவது டின்னோ புட்டியோ இலவசமாக நீட்டினால், மரியாதையாக 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம். ஏதாவது காரணத்தால் பவுடர் பால்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால் அதில் வெட்கமோ குற்றமோ இல்லை. சொன்ன அளவில், சொன்ன சுத்தத்தில் கொடுங்கள். ஆனால் அதை டாக்டர் சொல்லட்டும், இலவசம் சொல்ல வேண்டாம்.

மற்றப் பரிசுகளுக்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று. கையில் வாங்கும்போது மனசுக்குள் கேட்டுக்கொள்வேன்: 'இது தீர்ந்த பிறகு நான் என்ன செய்வேன்?' காலண்டர் தீர்ந்தால் வருஷம் தீர்ந்தது, அவ்வளவுதான். பை கிழிந்தால் கரித்துணி. தீர்ந்த பிறகு நம்மை அதே கடையைத் தேடி ஓடவைக்கும் பொருள் என்றால், அது பரிசு இல்லை, தூண்டில்.

எங்கள் காலண்டரையும் அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் அனுப்புகிறேன். வருகிற ஆடிப்பெருக்குக்கு இப்போதே யோசனை ஆரம்பமாகிவிட்டது. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறார் டீக்கடை அக்கா. கண் மங்கிவிட்டதாம். இந்தத் தடவை பட்டியலில் முதல் பேர் அவருடையதுதான்.